நெகட்டிவ் என்று எழுதிய வியாழக்கிழமை

மச்சான்,

பொங்கலுக்கு வெள்ளையடிக்க ஆள் சொல்லியிருந்தோம். அவர்கள் வருவதற்குள் பரணைக் காலி செய்ய வேண்டும் என்று உன் தங்கை சரளா ஒருநாள் காலையிலேயே ஏணியைச் சுவரில் சாய்த்துவிட்டாள். நான் மேலே ஏறி ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுக்க, அவள் கீழே வாங்கி வைத்தாள். கடைசியில் ஒரு பழைய ரெக்சின் பை வந்தது. வேலையை விட்டு வந்த நாளில் நான் தூக்கிப் போட்டது. உள்ளே துருப்பிடித்த ஒரு கவ்வியும் கட்டைவிரல் உயரத்தில் ஒரு கண்ணாடிக் குப்பியும் இருந்தன. மூடியைத் திருகினேன். தேவதாரு எண்ணெய். மைக்ராஸ்கோப்பில் மிக நெருக்கமாகப் பார்க்கும்போது ஸ்லைடின் மேல் ஒரு சொட்டு விடுவோம், அந்த எண்ணெய்தான். தேன் மாதிரி கெட்டியாகிப் போயிருந்தது. வாசனை மட்டும் குறையவில்லை.

"இன்னா வாசன இது? நல்லா கீதே" என்று உன் தங்கை கீழேயிருந்து கேட்டாள்.

ஏணியிலேயே நின்றுகொண்டிருந்தேன். இறங்கப் பயப்படுகிறேன் என்று நினைத்து அவள் ஏணியைப் பிடித்துக்கொண்டாள்.

நீ போய் மூன்று மாதம் முடிந்துவிட்டது. உன்னிடம் முப்பது வருஷத்துக்கு மேல் சொல்லாமல் வைத்திருந்த ஒன்றை இப்போது எழுத உட்கார்ந்திருக்கிறேன். படிப்பதற்கு நீ இல்லை என்பதால்தான் கை ஓடுகிறது என்பதும் எனக்குத் தெரியும்.

தொண்ணூற்றொன்றாம் வருஷம், கோடை. ஸ்ரீபெரும்புதூர் போகும் வழியில் இருந்த ஒரு உதிரிபாகக் கம்பெனியில் நீ மூன்று வருஷமாக டெம்பரவரி. தகடு அடிக்கும் பிரஸ் ஷாப்பில் வேலை. வல்லம் பக்கமெல்லாம் அப்போது நெல்வயல்தான். கம்பெனி என்று சொல்ல அங்கங்கே ஒன்றிரண்டு. நான் நம் ஊரிலிருந்து நாலு மைல் தள்ளி, ஒரு அறக்கட்டளை நடத்திய தோல் ஆஸ்பத்திரியில் லேப் டெக்னீஷியன். ஆஸ்பத்திரி என்றால் ஓடு போட்ட இரண்டு அறை, ஒரு வராந்தா. தொழுநோய்க்கு மாத்திரை வாங்க வருகிறவர்கள்தான் அதிகம். மெட்ராஸிலிருந்து டாக்டரம்மா வியாழக்கிழமை மட்டும் வருவார்கள். சிங்கப்பெருமாள் கோவிலில் ரயில் இறங்கி, பஸ் பிடித்து, பத்து மணிக்கு வராந்தாவில் செருப்பைக் கழற்றுவார்கள். சரளாவை எனக்குக் கொடுப்பதாகத் தை மாதமே பேசி முடித்தாகிவிட்டது. ஆவணியில் கல்யாணம்.

ஒரு புதன்கிழமை சாயங்காலம் ஷிப்ட் முடிந்து நேராக எங்கள் வீட்டுக்கு சைக்கிளை விட்டாய். கிணற்றடியில் நான் முகம் கழுவிக்கொண்டிருந்தேன்.

"பர்மனென்டுக்கு பேரு எடுத்துகினு கீறாங்கடா. மொத்தம் பதினோரு பேரு. என் பேரும் கீது" என்றாய்.

"அதுக்கு ஏன் மூஞ்சிய இப்படி வச்சினு கீறே?"

நீ சட்டையை உயர்த்தித் திரும்பி நின்றாய். முதுகின் அடிப்பகுதியில் பட்டாணி அளவில் ஏழெட்டு கட்டிகள். எண்ணெய் தடவித் துடைத்தது போல ஒரு மினுமினுப்பு. சில தோல் நிறத்தில், சில செம்பு நிறத்தில். சுற்றியிருந்த தோலில் எந்த மாற்றமும் இல்லை. முழங்கை இரண்டிலும் அதே மாதிரி மூன்று நான்கு.

"மெடிக்கல்ல கம்பெனி டாக்டரு பாத்துட்டாரு. தோல் டாக்டராண்ட லெட்டர் வாங்கினு வா, அப்பால கையெழுத்து போடறேன்னுட்டாரு."

"எவ்ளோ நாளா கீது?"

"ஒரு வருசம் இருக்கும். வலி இல்ல, நமச்சல் இல்ல. நானும் அப்படியே வுட்டுட்டேன்."

நான் விரலால் அழுத்திப் பார்த்தேன். கெட்டியாக, உருண்டையாக இருந்தன. தினமும் தொழுநோயாளிகளைப் பார்க்கிறவன் நான். வெளிறிய படை, அதில் தொட்டால் தெரியாத மரமரப்பு, தடித்த காது, இவைதான் எனக்குத் தெரிந்த அடையாளங்கள். உன் உடம்பில் அதில் ஒன்றுகூட இல்லை. "இது வேற ஏதோ கட்டிடா. நாளைக்கு டாக்டரம்மா வராங்க, வந்து காட்டு" என்று தைரியமாகத்தான் சொன்னேன். அந்த நிமிஷம் வரை நான் உன்னிடம் பொய் சொன்னதில்லை.

மறுநாள் உன் மகள் பவானியையும் கூட்டிக்கொண்டு வந்தாய். அவளுக்கு அப்போது நாலு வயசு. அவள் அம்மா நாற்று நடப் போயிருந்தாள் என்று சொன்னாய். பிள்ளை வராந்தாவில் பெஞ்சின் மேல் உட்கார்ந்து, காலை ஆட்டிக்கொண்டு, வருகிறவர் போகிறவரை எல்லாம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

டாக்டரம்மா உன்னை வெகுநேரம் பார்த்தார்கள். பஞ்சைத் திரித்து ஒவ்வொரு கட்டியிலும் தொட்டு, நீ கண்ணை மூடிக்கொண்டு தொட்ட இடத்தைக் காட்டுகிறாயா என்று பார்த்தார்கள். எல்லாவற்றையும் சரியாகக் காட்டினாய். முழங்கைக்குப் பின்னால் ஓடும் நரம்பைத் தடவிப் பார்த்தார்கள். ஜன்னல் பக்கம் திருப்பி, வெளிச்சத்தைச் சாய்த்து, மறுபடியும் பார்த்தார்கள். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்கள்.

"இது என்னன்னு நான் இப்பவே சொல்ல மாட்டேன்" என்றார்கள் என்னிடம். "நரம்பிலிருந்து வளர்ற சாதாரணக் கட்டியா இருக்கலாம். அதுன்னா ஒண்ணுமே பண்ண வேண்டாம், அது பாட்டுக்கு இருக்கும். இன்னொண்ணு, தொழுநோயிலேயே ஒரு வகை இருக்கு. படை வராது, மரத்துப்போகாது, இப்படிக் கட்டி கட்டியா வரும். அபூர்வம். நான் படிக்கும்போது ரெண்டு பேரைப் பார்த்திருக்கேன். கண்ணால பார்த்து இதையும் அதையும் பிரிக்க முடியாது. தோலைக் கீறி எடுக்கிற ஸ்மியர்ல தெரிஞ்சிடும். அந்த வகையா இருந்தா கிருமி கொட்டிக் கிடக்கும்."

ஒரு கட்டியை வெட்டி மெட்ராஸுக்கு அனுப்பிப் பரிசோதிக்கலாம் என்றும் சொன்னார்கள். தையல் போட்டால் வேலைக்குப் போக முடியாதே என்று நீ தயங்கினாய். "சரி, முதல்ல ஸ்மியர். அது சுத்தமா இருந்தா மத்தது பொறுமையா பார்க்கலாம்" என்று விட்டுவிட்டார்கள்.

உன்னை என் அறைக்குக் கூட்டிப்போய் ஸ்டூலில் உட்கார வைத்தேன். காது மடலில் ஒன்று, முழங்கைக் கட்டியில் ஒன்று, முதுகில் ஒன்று. தோலை இரண்டு விரலால் இறுக்கிப் பிடித்து, பிளேடால் கீறி, சுரண்டியதை ஸ்லைடில் தடவினேன். நீ பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தாய்.

"இன்னா இருந்தாலும் இல்லன்னே எழுதிடுடா" என்றாய். விளையாட்டாகச் சொன்னாய். அதை நீ கேட்டதாக நான் ஒருநாளும் கணக்கில் எடுத்துக்கொள்ளக் கூடாது. யார் அந்த ஸ்டூலில் உட்கார்ந்தாலும் அதையேதான் சொல்வார்கள்.

நீ வெளியே போனாய். சாயம் ஊற்றி, கீழே நெருப்பைக் காட்டி, ஆவி வந்ததும் ஐந்து நிமிஷம் காத்திருந்து, அமிலம் விட்டுக் கழுவி, நீலச் சாயம் ஊற்றி, உலர வைத்து, எண்ணெய்ச் சொட்டு விட்டுக் குனிந்தேன். கிருமி இருந்தால் நீலத்தில் சிவப்புக் கோடுகளாகத் தெரியும். சாதாரணமாகப் பத்து இடம், இருபது இடம் நகர்த்தி நகர்த்தித் தேட வேண்டும். உன் ஸ்லைடில் தேடவே வேண்டியிருக்கவில்லை. தீப்பெட்டியைக் கவிழ்த்துக் கொட்டியது போல முழுவதும் சிவப்பு. ஒன்றின் மேல் ஒன்றாகக் கட்டுக்கட்டாகக் கிடந்தன. நீலம் தெரிய இடம் இல்லை.

அவ்வளவு கிருமியை நான் அதுவரை பார்த்ததில்லை. நம்பாமல் முழங்கை ஸ்லைடையும் வைத்துப் பார்த்தேன். அதே.

நிமிர்ந்தால் எதிரே ஜன்னல். வராந்தாவில் நீ பவானியை மடியில் வைத்துக்கொண்டு, ரத்தம் துடைத்த பஞ்சைக் காதில் அழுத்திப் பிடித்திருந்தாய். அவள் அதைப் பிடுங்கப் பார்த்தாள். நீ தலையை ஆட்டி ஆட்டி அவளை ஏமாற்றிக்கொண்டிருந்தாய்.

ரிஜிஸ்டரை இழுத்தேன். காது, நெகட்டிவ். முழங்கை, நெகட்டிவ். முதுகு, நெகட்டிவ்.

டாக்டரம்மா வழக்கமாகச் சந்தேகமான ஸ்லைடைத் தாமே ஒருமுறை பார்ப்பார்கள். அன்றைக்கு வராந்தா நிறையக் கூட்டம். தாளை வாங்கிப் படித்துவிட்டு, "மூணு இடத்திலயும் இல்லையா? நல்லாப் பார்த்தீங்களா?" என்றார்கள்.

"பாத்தேன் மேடம்."

என் முகத்தை ஒரு கணம் பார்த்துவிட்டு லெட்டர்பேடை எடுத்தார்கள். நரம்புக் கட்டி, தொற்று இல்லை, வேலைக்குத் தகுதியானவர். கையெழுத்து.

நான் வெளியே வந்து, "ஒண்ணும் இல்லடா" என்றேன்.

நீ பவானியைத் தலைக்கு மேலே தூக்கினாய். "அப்பா பர்மனென்டு" என்று அவளிடம் சொன்னாய். அவளுக்கு என்ன புரிந்ததோ, கைதட்டினாள்.

உனக்காகத்தான் செய்தேன் என்று பல வருஷம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். குஷ்டம் என்று ஒரு வார்த்தை கம்பெனிக்குள் போயிருந்தால் உன் பெயரை அடித்திருப்பார்கள், அது உண்மை. உன் வீட்டில் தண்ணீர் வாங்கிக் குடிக்க ஆள் யோசித்திருப்பார்கள், அதுவும் உண்மை. ஆனால் ரிஜிஸ்டரை இழுக்கும்போது என் மனசில் ஓடியது இதெல்லாம் மட்டும் அல்ல. பெண்ணின் அண்ணனுக்கு இந்த வியாதி என்று தெரிந்தால் என் அம்மா ஆவணிக் கல்யாணத்தை நிறுத்திவிடுவாள் என்பது ஓடியது. எது முதலில் வந்தது என்று எனக்கு ஞாபகம் இருக்கிறது மச்சான். கல்யாணம்தான் முதலில் வந்தது.

ஸ்லைடுகளைப் பெட்டியில் வைக்க வேண்டும். மாதம் ஒருமுறை வெளியூரிலிருந்து ஒருவர் வந்து சிலதை எடுத்துச் சரிபார்ப்பார். உன்னுடைய மூன்றையும் நான் பெட்டியில் வைக்கவில்லை. உடைத்து, லைசால் கிருமிநாசினி வாளியில் போட்டேன்.

ஒரு திட்டம் வைத்திருந்தேன். உனக்கு ஆர்டர் கைக்கு வரட்டும், பிறகு "எதுக்கும் இன்னொரு தடவ பாத்துடலாம்" என்று கூப்பிட்டுப் புதிதாக ஸ்மியர் எடுத்து, உண்மையை எழுதி, மாத்திரையை ஆரம்பித்துவிடலாம். இரண்டு மாதத்தில் என்ன ஆகிவிடப் போகிறது. ஆர்டர் ஆனியில் வந்தது. கல்யாணம் முடியட்டும் என்று நினைத்தேன். ஆவணியில் கல்யாணம் முடிந்தது. பந்தலில் நீதான் ஓடி ஓடிப் பரிமாறினாய். மறுவீட்டு விருந்து முடியட்டும் என்று நினைத்தேன். சரளா உண்டானாள். இந்த நேரத்தில் அவளுக்கு அதிர்ச்சி வேண்டாம் என்று நினைத்தேன். தள்ளிப்போட ஒவ்வொரு முறையும் ஒரு நல்ல காரணம் கிடைத்தது. ரகசியமாக மாத்திரை கொடுத்துவிடலாம் என்றுகூட யோசித்தேன். அந்த மாத்திரையில் ஒன்று தோலைக் கறுக்கச் செய்யும், இன்னொன்று சிறுநீரைச் சிவக்கச் செய்யும். அதை யாருக்கும் தெரியாமல் யாரும் சாப்பிட முடியாது.

அடுத்த வருஷக் கடைசியில் ஒருநாள் எங்கள் வீட்டில் டீ குடித்துக்கொண்டிருந்தாய். டம்ளரை வலது கையிலிருந்து இடது கைக்கு மாற்றினாய்.

"சுண்டு விரலு மரத்துப்போன மாதிரி கீதுடா" என்றாய். "சூடு தெரிய மாட்டேங்குது."

அன்றைக்குக்கூட நோயைப் பிடித்திருக்கலாம். டாக்டரம்மா வர இரண்டு நாள்தான் இருந்தது.

"பிரஸ்ல நாள் பூரா அதிருதுல்ல, அதுல இருக்கும்" என்றேன்.

நீ நம்பினாய். ஆஸ்பத்திரியில் வேலை செய்கிறவன் சொல்கிறான் என்று நம்பினாய். முதல் பொய்யை நான் பயத்தில் சொன்னேன் என்று வைத்துக்கொள்ளலாம். இதற்கு என்ன பெயர் என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

தொண்ணூற்று மூன்றில் எங்கள் பையனுக்குக் காது குத்தினோம். பவானி கையில்லாத சட்டை போட்டுக்கொண்டு வந்திருந்தாள். வெயிலில் விளையாடிவிட்டு என் பக்கத்தில் வந்து நின்றபோது பார்த்தேன். இடது மேல்கையில் எட்டணா அளவுக்கு ஒரு வெளிறிய படை. சுற்றிலும் வியர்த்திருந்தது. அந்த இடம் மட்டும் வறண்டு கிடந்தது.

அவளை ஓரமாகக் கூட்டிப்போனேன். "கண்ண மூடிக்கோ. மாமா எங்க தொடறேன்னு சொல்லு" என்றேன். மாலையிலிருந்து உதிர்ந்த நூலை எடுத்து அவள் கன்னத்தில் தொட்டேன். "கன்னம்." மணிக்கட்டில் தொட்டேன். "கை." படையில் தொட்டேன். அவள் காத்திருந்தாள். மறுபடியும் தொட்டேன்.

"தொடு மாமா" என்றாள்.

அந்தக் குரலை இத்தனை வருஷத்தில் ஒரு நாளும் நான் மறந்ததில்லை.

அந்த வியாழக்கிழமை உங்கள் இரண்டு பேரையும் கூட்டிப்போனேன். பவானியைப் பார்த்ததும் டாக்டரம்மாவுக்குத் தெரிந்துவிட்டது. பிறகு உன்னைப் பார்த்தார்கள். உன் கட்டிகள் தொடை வரை பரவியிருந்தன. சுண்டு விரலும் மோதிர விரலும் உள்பக்கம் மடங்க ஆரம்பித்திருந்தன. இந்த முறை ஸ்மியரை அவர்களே எடுத்து, அவர்களே சாயம் போட்டு, அவர்களே பார்த்தார்கள். நான் கதவோரம் நின்றேன். மைக்ராஸ்கோப்பிலிருந்து தலையை எடுக்காமலே கேட்டார்கள்.

"தொண்ணூத்தொண்ணு ஸ்லைடு இருக்கா?"

"உடைஞ்சிடுச்சு மேடம்."

"மூணுமா?"

"ஆமா மேடம்."

ஸ்லைடை எடுத்து அவர்களே பெட்டியில் வைத்தார்கள். பிறகு, "அன்னைக்கே நான் ஒரு கட்டியை வெட்டி அனுப்பியிருக்கணும். ஸ்மியரை மட்டும் நம்பினது என் தப்பு" என்றார்கள். கேஸ் ஷீட்டில் அதை அப்படியே எழுதியும் வைத்தார்கள். என்னைத் தெரிந்துகொண்டு சொன்னார்களா, தெரியாமல் சொன்னார்களா என்பதை நான் கடைசிவரை கண்டுபிடிக்கவில்லை. அதற்கப்புறம் என் ஸ்லைடுகள் எல்லாவற்றையும் அவர்கள் மறுபடி பார்த்தார்கள். ஒருமுறைகூட ஏன் என்று நான் கேட்கவில்லை.

"ரெண்டு வருஷம் முன்னாடி மாத்திரை ஆரம்பிச்சிருந்தா விரல் மடங்கியிருக்காது" என்று உன்னிடம் சொன்னார்கள். "குழந்தைக்கு எப்போ தொத்துச்சுன்னு யாராலயும் சொல்ல முடியாது. அதுக்கும் முன்னாடியே இருக்கலாம்." இரண்டாவதாகச் சொன்னதைப் பிடித்துக்கொண்டு நான் பல வருஷம் ஓட்டினேன். முதலில் சொன்னதைப் பற்றி நினைக்காமல் இருக்கப் பழகினேன்.

பவானிக்கு ஆறு மாத மாத்திரையில் சரியாகிவிட்டது. உனக்கு இரண்டு வருஷம். உடம்பெல்லாம் கறுத்துப் போனாய். கம்பெனியில் கேட்டார்கள், ஊரில் கேட்டார்கள். நீ யாரிடமும் மறைக்கவில்லை. "ஆமாய்யா, அதான். மாத்திர சாப்டுகினு கீறேன், சரியாப் பூடும்" என்று டீக்கடையில் நின்று சொன்னாய். சிலர் கிளாஸை ஒதுக்கினார்கள். பர்மனென்ட் என்பதால் உன்னை வெளியே அனுப்ப முடியவில்லை. பிரஸ்ஸிலிருந்து எடுத்து கேட்டில் உட்கார வைத்தார்கள். உனக்கு அந்த மெஷின் பிடிக்கும் என்பது எனக்குத் தெரியும். அதைப் பற்றி நீ பேசியதே இல்லை. என் அம்மாவும் ஒன்றும் சொல்லவில்லை மச்சான். ஒரு நாள் உன் வீட்டுக்கு வந்து, உன் வீட்டுக்காரி கொடுத்த மோரை வாங்கிக் குடித்துவிட்டு, உன் விரலைப் பிடித்துப் பார்த்து அழுதுவிட்டுப் போனாள். நான் எந்த அம்மாவுக்குப் பயந்து உன் ஸ்லைடை உடைத்தேனோ, அந்த அம்மா.

நீ கோபப்பட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். நீ எனக்கு நன்றி சொன்னாய். போகிற இடமெல்லாம், "எம் மச்சான்தான் பாப்பா கைல பாத்துக் கண்டுபுடிச்சான். அவன் இல்லன்னா எங்க ரெண்டு பேரு கதியும் அவ்ளோதான்" என்றாய். பவானி கல்யாணத்தில் மேடைக்குக் கூப்பிட்டு, எல்லோருக்கும் முன்னால் எனக்குச் சால்வை போட்டாய். மடங்கிய விரல்களுக்குள் சால்வையின் நுனி சிக்கிக்கொண்டது. நான்தான் எடுத்துவிட்டேன். அப்போது சொல்லியிருக்கலாம். அதற்கு அப்புறம் இருபது வருஷம் இருந்தது, எந்த நாளிலும் சொல்லியிருக்கலாம். புரட்டாசியில் நெஞ்சு வலி என்று உன்னை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன ஆட்டோவில்கூட உன் பக்கத்தில் நான்தான் இருந்தேன். "பயப்படாத, ஒண்ணும் இல்லடா" என்றேன். நீ அப்போதும் நம்பினாய் என்று நினைக்கிறேன்.

வெள்ளையடிப்பவர்கள் போன பிறகு சரளாவிடம் சொன்னேன். ஒன்றையும் மறைக்கவில்லை, எது முதலில் மனசில் வந்தது என்பதையும் சொன்னேன். அவள் முறத்தைக் கீழே வைத்துவிட்டு முழுவதையும் கேட்டாள்.

"அப்போ என்னக் கட்டிக்கணும்னு எங்க அண்ணன் கைய வுட்டுட்டீங்க" என்றாள்.

நான் ஆமாம் என்றேன்.

"அதுக்கு என்னாண்ட கேட்டீங்களா?"

அவ்வளவுதான். பொங்கல் வரை அவள் என்னோடு பேசவில்லை. சோறு போட்டாள், தண்ணீர் வைத்தாள், பேச்சு இல்லை. காணும் பொங்கலன்று காலையில், "பவானிகிட்டயும் நீங்களே போய் சொல்லுங்க. நான் வர மாட்டேன்" என்றாள்.

சிங்கப்பெருமாள் கோவிலில் பவானி வீடு கட்டியிருப்பது உனக்குத் தெரியும். வாசலில் புதிதாகக் கிரில் போட்டிருக்கிறாள். மாப்பிள்ளை ஒரகடத்தில் செகண்ட் ஷிப்டுக்குக் கிளம்பிப் போன பிறகு சொன்னேன். அவள் இடது மேல்கையைத் தேய்த்துக்கொண்டே இருந்தாள். அங்கே இப்போது ஒரு தடமும் இல்லை.

"அப்பா கடைசி வரைக்கும் சட்ட பட்டனப் போட அம்மாவத்தான் கூப்டுவாரு மாமா" என்றாள். "கூப்ட வெக்கப்பட்டுகினு சில நாள் பட்டன் போடாமயே டூட்டிக்குப் போயிடுவாரு. அது உங்களுக்குத் தெரியுமா?"

தெரியாது என்றேன்.

"எனக்கு உங்க மேல கோவம் கீதா இன்னான்னு இப்போ சொல்லத் தெரியல. கொஞ்ச நாள் இந்த வூட்டுக்கு வராதீங்க. அம்மாகிட்ட நானே சொல்லிக்கிறேன். நீங்க சொன்னா அவங்க உங்களுக்கு சமாதானம் சொல்ல ஆரம்பிச்சிடுவாங்க. அது வேணாம்."

எழுந்து செருப்பைப் போட்டேன். அவள் கிரில் கேட் வரை வந்தாள். வழக்கமாக, "பாத்துப் போங்க மாமா" என்பாள். அன்று கேட்டைச் சாத்திக்கொண்டு உள்ளே போனாள்.

ஷேர் ஆட்டோவில் ஏறாமல் ஒரகடம் ரோட்டில் கொஞ்ச தூரம் நடந்தேன். உன் மகள் செய்தது சரி என்று பட்டது. உன் தங்கை செய்ததும் சரி. என்மேல் கோபப்பட அவர்களுக்கு ஒரு காரணத்தைக் கொடுத்துவிட்டேன், அதை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று அவர்கள் பார்த்துக்கொள்வார்கள். உனக்கு அதைக்கூட நான் கொடுக்கவில்லை மச்சான். விரலை எடுத்துக்கொண்டது ஒரு பக்கம். என்னைத் திட்டவோ, அடிக்கவோ, என் வீட்டுப் பக்கமே வராமல் இருக்கவோ, இல்லை எல்லாம் தெரிந்தே என்னை மன்னிக்கவோ உனக்கு ஒரு நாள் கிடைத்திருக்க வேண்டும். முப்பது வருஷமும் நீ வேறு யாரையோ மச்சான் என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தாய். அவன் நான் இல்லை என்பதை உனக்குச் சொல்லாமலே உன்னை அனுப்பிவிட்டேன். மிச்சமிருக்கும் நாளுக்கு நான் தூக்கிக்கொண்டு நடக்கப்போவது இதைத்தான்.